மாற்றாருக்கும் உரிய நீதி

கூஃபா நகரத்துப் பள்ளிவாசல். கலீபா ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் மக்கள் முன் உரையாற்றிக் கொண்டிருக்கின்றார்கள். ஹிஜ்ரி 37ஆம் ஆண்டில் (கி.பி. 657) ஸிஃப்பீன் களத்தில் மூண்ட போர், இருதரப்பிலும் நடுவர்களை அமர்த்தித் தீர்வு காண்பது என்ற உடன்பாட்டோடு நின்றிருந்தது. அந்த உடன்பாட்டை ஏற்க மறுத்துக் கலீபாவின் அணியிலிருந்தே வெளியேறியவர்கள் காரிஜிய்யாக்கள். அவர்களுள் ஒருவர் பள்ளிவாசலின் ஒரு புறத்திலிருந்து எழுந்து, தீர்ப்பு வழங்கும் அதிகாரம் இறைவன் ஒருவனுக்கே உரியது என்று முழங்கினார். அடுத்து இன்னொருவர் எழுந்து அதையே முழங்கினார். அது வெறும் சமயக் கருத்தன்று. எதிரே நிற்கும் ஆட்சித் தலைவர் இறைநெறியை விட்டு விலகிவிட்டார் என்ற வெளிப்படையான குற்றச்சாட்டு.

சொல் உண்மையானதே, அதனால் நாடப்படும் பொருள்தான் பிழையானது என்று அலி (ரலி) அவர்கள் மறுமொழி கூறினார்கள். அத்துடன் நில்லாது, அந்த எதிர்ப்பாளர்களுக்குத் தம்மிடம் உள்ள உரிமைகள் மூன்றையும் அங்கேயே எடுத்துரைத்தார்கள். இறைவனைத் தொழப் பள்ளிவாசலுக்கு வருவதிலிருந்து உங்களைத் தடுக்கமாட்டோம். எங்களோடு கைகோத்து நிற்கும் வரையில் பொதுச் செல்வத்தில் உங்களுக்குரிய பங்கை நிறுத்தமாட்டோம். நீங்களாக வாளெடுக்காத வரையில் நாங்கள் உங்கள்மீது வாளெடுக்கமாட்டோம். இப்பொருள்பட அவர்கள் கூறியதை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். கிளர்ச்சியாளர்களை ஆட்சி எவ்வாறு நடத்த வேண்டும் என்பது பற்றிப் பின்னாளில் சட்ட மேதைகள் வகுத்த விதிகளுக்கு இந்த நிகழ்ச்சியே தலையாய ஆதாரமாயிற்று.

இதனை நாம் இங்கே நினைவுகூர்வது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. பிளவுபட்டுப் போன ஒரு சமுதாயத்தில் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவன், தன்னை வெறுப்பவனை என்ன செய்வது என்ற கேள்வி அன்று கூஃபாவில் எழுந்தது. இன்று நம் நாட்டிலும் அதே கேள்வி எழுந்து நிற்கின்றது. ஆனால் இன்று இக்கேள்வி ஆட்சியாளரை மட்டும் நோக்கியதன்று. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் நம் ஒவ்வொருவரையும் நோக்கியது. நமக்குப் பிடிக்காதவனை அரசு என்ன செய்ய வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம்?

கருத்து வேற்றுமை தீமையன்று. பலரும் கூடிவாழும் நாட்டில் பல கருத்துகள் இருப்பதே இயல்பு. ஒரே காரியத்தை நம்மவர் செய்தால் பொறுத்துக் கொள்வதும், மாற்றார் செய்தால் தண்டனை கேட்பதுமாக, நீதியின் அளவுகோலே ஆளுக்கேற்ப நீண்டும் குறுகியும் போகின்ற நிலைதான் தீமை. ஒரு கூட்டத்தார் மீது உங்களுக்குள்ள பகை, நீதி செய்யாதிருக்க உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்னும் கருத்தில் திருமறை அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் இறைநம்பிக்கையாளரை எச்சரிக்கின்றது. நண்பனுக்கு நீதி செய் என்று சொல்ல ஒரு வேதம் வேண்டுவதில்லை; அதனை மனித இயல்பே செய்துவிடும். பகைவனுக்கு நீதி செய் என்று சொல்லத்தான் வேதம் வேண்டியிருக்கின்றது.

இந்தப் போதனையை நம் நாட்டு வரலாற்றின் மீது வைத்துப் பார்ப்போம்.

1948 டிசம்பர் 6ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், உயிருக்கும் உடல் சுதந்திரத்திற்கும் காவலாக அமையவிருந்த விதி விவாதத்திற்கு வந்தது. இன்று 21ஆவது பிரிவாக நாம் அறிவது அதுவே. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கலாகாது என்று வரைவுக்குழு எழுதியிருந்தது. அது போதாது என்றனர் சில உறுப்பினர்கள். சட்டமன்றம் எந்த நடைமுறையை வகுத்தாலும் சரி என்றால் அந்தப் பாதுகாப்பினால் என்ன பயன்? அந்த நடைமுறையும் நியாயமானதாக இருக்க வேண்டாமா? இப்படி வாதாடியவர்களுள் காஜி சையத் கரீமுத்தீனும், சென்னை மாகாணத்தின் மஹபூப் அலி பேக் சாஹிபும் குறிப்பிடத்தக்கவர்கள். ஜப்பானிய அரசியல் சட்டத்திலிருந்து அந்தச் சொற்றொடரை எடுத்தாண்டவர்கள், அங்கே அதனோடு சேர்ந்து நின்ற மற்றப் பாதுகாப்புகளை விட்டுவிட்டனர் என்று பேக் சாஹிப் சுட்டிக் காட்டினார். டாக்டர் அம்பேத்கர் இருபக்கத்து வாதங்களையும் எடுத்துரைத்து, முடிவைச் சபைக்கே விட்டார். திருத்தங்கள் தோற்றன. அரசு நம் அரசு, அதன் கைகளைக் கட்டுவானேன் என்ற நம்பிக்கை அன்று பலருக்கு இருந்தது.

அந்த நம்பிக்கை சோதனைக்கு உள்ளாக நெடுநாள் ஆகவில்லை. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. அடுத்த மாதமே தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறிற்று. குற்றம் செய்தான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. செய்யக்கூடும் என்று அதிகாரி கருதினாலே ஒருவனைச் சிறையில் வைக்கலாம் என்பது அதன் சாரம். அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் ஏ.கே. கோபாலன். பொதுவுடைமைத் தலைவரான அவர் 1947 டிசம்பரிலிருந்தே சென்னை மாகாணத்தில் காவலில் இருந்தவர். அந்நாளில் பொதுவுடைமைவாதி என்றாலே நாட்டுக்குப் பகைவன் என்று அஞ்சியவர் பலர். நம் சமுதாயத்திலும், இறைமறுப்புக் கொள்கையினர்தாமே என்று அவர்களுக்கு நேர்ந்ததைப் பொருட்படுத்தாதவர்கள் இருந்திருப்பார்கள்.

1950 மே 19ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஒரு பிரிவு நீங்கலாக அச்சட்டம் செல்லும் என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். மாறுபட்டு எழுதியவர்களுள் ஒருவர் நீதிபதி சையத் ஃபஜ்ல் அலி. பின்னர் மாநிலச் சீரமைப்புக் குழுவின் தலைவராக நம் மக்கள் அறிந்த பெயர் அது. சட்டம் வகுத்த நடைமுறை என்றால் வெறும் எழுத்து மட்டுமன்று என்றார் அவர். குற்றச்சாட்டு இன்னதென்று அறிவித்தல், மறுமொழி கூற வாய்ப்பளித்தல், நடுநிலையான மன்றம், ஒழுங்கான விசாரணை ஆகிய நான்கும் அதனுள் அடங்கும் என்பது அவர் கருத்து. அவர் கருத்து அன்று தோற்றது. 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியபோது அது வென்றது. இடையில் ஓடிய ஆண்டுகள் 28. அந்த ஆண்டுகளில் நாடு கொடுத்த விலை பெரிது.

தடுப்புக் காவல் சட்டம் ஓராண்டுக்கென்றே பிறந்தது. ஆனால் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1969 முடிய நிலைத்திருந்தது. 1971இல் மிசா என்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975 ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. கையொப்பமிட்ட குடியரசுத் தலைவர் ஃபக்ருத்தீன் அலி அஹமது. மறுநாள் காலைக்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைப்பட்டனர். மொரார்ஜி தேசாய் அவர்களுள் ஒருவர். பழைய தடுப்புக் காவல் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் மத்திய அமைச்சராக அமர்ந்திருந்தவர் அவர். இப்போது அதே வகைச் சட்டம் அவருடைய வீட்டுக் கதவையே தட்டிற்று.

ஜூலை 4ஆம் நாள் பல அமைப்புகள் தடை செய்யப்பட்டன. அந்தப் பட்டியலில் ராஷ்டிரீய சுயம்சேவக் சங்கமும் இருந்தது. ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தும் இருந்தது. ஒன்றையொன்று ஒருபோதும் ஏற்காத இரு அமைப்புகளின் ஊழியர்கள் பல சிறைகளில் ஒரே கூரையின் கீழ் அடைபட்டனர். ஒருவரோடொருவர் பேசிப் பழகவும் அங்கேதான் வாய்ப்பு நேர்ந்தது என்று அந்நாளில் சிறை கண்ட பலர் கூறியுள்ளனர். எதிரியின் அமைப்பு தடைபட்டது என்று காலையில் மகிழ்ந்தவன், பட்டியலை இறுதிவரை படித்தபோது தன் பெயரையும் கண்டான். வெளியே இருந்தவரை இருவருக்கும் தெரியாத ஓர் உண்மை உள்ளே தெரிந்தது. எதிரியைப் பூட்டிய பூட்டும் தன்னைப் பூட்டிய பூட்டும் வேறல்ல.

நெருக்கடிக் காலத்தில் மிசாவின் கீழ் காவலில் வைக்கப்பட்டோர் 34,988 பேர். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்க் கைதானோர் 75,818 பேர். இவை ஷா கமிஷன் தந்த எண்ணிக்கைகள். 1976 ஏப்ரல் 19ஆம் நாள் டில்லி துருக்மான் வாயிலில் வீடுகளை இடிக்க வந்தபோது எதிர்த்து நின்ற மக்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. அந்தச் செய்தியைப் பத்திரிகைகளில் தேடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. தணிக்கை அதிகாரி அனுமதித்ததே அன்று செய்தி.

தமிழகத்திலும் அந்த இருள் சூழ்ந்தது. 1976 ஜனவரி 31ஆம் நாள் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. மிசாக் கைதிகள் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே பிப்ரவரி மாதத்து இரவொன்றில் அவர்கள் தாக்கப்பட்டனர். சென்னை மேயராக இருந்தவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு சிறையில் அடிபட்டு நலங்குன்றி 1977 ஜனவரியில் மறைந்தார். நெருக்கடி நிலை நீங்கிய பின் இக்கொடுமைகளை விசாரிக்க அமைந்த ஆணையத்தின் தலைவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். நாகூரில் பிறந்து, கம்பன் கவியில் ஆழங்கால்பட்டவர் என்று தமிழுலகம் போற்றும் அதே இஸ்மாயில்தான். கைதிகள் தாக்கப்பட்டது உண்மையே என்று அவருடைய ஆணையம் கண்டது. பூட்டிய கதவுக்குப் பின்னே நடந்ததை ஒரு நீதிபதி வெளிச்சத்திற்குக் கொண்டுவர, ஓர் ஆட்சி மாறவேண்டியிருந்தது என்பது நாம் மறக்கலாகாத பாடம்.

இதற்கிடையில் சிறைப்பட்டோரின் உறவினர் உயர் நீதிமன்றங்களின் கதவைத் தட்டினர். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுக்களைக் கேட்க மறுக்க முடியாது என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தது. பகைமையினால் ஒரு காவலர் ஒருவனைச் சுட்டுக் கொன்றுவிட்டால் அதற்கும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா வினவினார். நெருக்கடி நிலை நீடிக்கும் வரையில் இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் விடை கூற நேர்ந்தது. 1976 ஏப்ரல் 28ஆம் நாள் நால்வர் அரசின் பக்கம் நின்றனர். நீதிபதி கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அரசியல் சட்டம் இல்லாவிடினும், சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவனுடைய உயிரையோ உரிமையையோ பறிக்க அரசுக்கு உரிமை கிடையாது என்பது அவர் நிலை. அதற்காக அவர் கொடுத்த விலை, 1977 ஜனவரியில் முறைப்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி.

அப்பதவி நீதிபதி மிர்சா ஹமீதுல்லா பேக்குக்குச் சென்றது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நால்வருள் அவரும் ஒருவர். காவலில் உள்ளோரை அரசு ஏறக்குறையத் தாயன்போடு பேணுகின்றது என்ற கருத்தைத் தம் தீர்ப்பில் பதித்தவரும் அவரே. அவர் அவ்வாறு எழுதுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன்னரே சென்னை மத்திய சிறையில் தடிகள் பேசிவிட்டன என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது.

இந்த இடத்தில் நாம் நம்மை நேர்மையாகப் பார்த்துக் கொள்ளவேண்டும். 1950இல் பொதுவுடைமைவாதியின் உரிமைக்காக மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் ஃபஜ்ல் அலி. 1975இல் நெருக்கடிப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவர் ஃபக்ருத்தீன் அலி அஹமது. 1976இல் சிறைக்கதவைச் சாத்தியே வைத்தவர்களுள் ஒருவர் ஹமீதுல்லா பேக். அதனைத் திறக்கப் போராடித் தோற்றவர் கன்னா. சிறையில் நடந்ததை வெளிக்கொணர்ந்தவர் இஸ்மாயில். பெயரைப் பார்த்து நியாயத்தைக் கணக்கிடுவோமானால் இந்தப் பட்டியலில் நமக்குக் குழப்பமே மிஞ்சும். செயலைப் பார்த்தால் குழப்பம் இல்லை. நம்மவர் செய்த தவறு நம்மவர் செய்தது என்பதால் சிறிதாகிவிடாது; பிறர் செய்த நன்மை பிறர் செய்தது என்பதால் மங்கிவிடாது. திருமறை கேட்பதும் இந்த நேர்மையைத்தான்.

துன்பம் பாடம் கற்பித்ததா? ஓரளவு கற்பித்தது. 1978இல் மிசா நீக்கப்பட்டது. அதே ஆண்டின் 44ஆவது திருத்தம், நெருக்கடிக் காலத்திலும் 21ஆவது பிரிவின் பாதுகாப்பை நிறுத்தி வைக்க முடியாதபடி செய்தது. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், அந்தரங்க உரிமை வழக்கில், 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவறென்று உச்ச நீதிமன்றமே அறிவித்தது. அதனை எழுதியவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். 1976இல் அரசின் பக்கம் நின்ற நால்வருள் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட் அவருடைய தந்தை. தந்தையின் பிழையை மகன் திருத்திய அந்த நிகழ்ச்சி நம் நீதித்துறைக்குப் பெருமையே. ஆனால் அத்திருத்தம் வந்து சேர 41 ஆண்டுகள் ஆயின. சிறையில் கழிந்த நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

மற்றொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். மிசா போய் இரண்டே ஆண்டுகளில், 1980இல், தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1985இல் தடா வந்தது. 1995இல் அது காலாவதியாகும் வரை அதன் கீழ்க் கைதானவர்களில் மிகச் சிறு பகுதியினரே குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயினர். 2002இல் பொடா வந்தது. 2004இல் அதனை நீக்கியவர்களே அதன் கூறுகள் பலவற்றை 1967ஆம் ஆண்டுச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் சேர்த்தனர். 2008ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சட்டத்தில் ஜாமீன் பெறுவதை அரிதாக்கியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், தனி மனிதரையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்க வழி செய்தது. முந்திய திருத்தம் காங்கிரஸ் தலைமையில் வந்தது. பிந்தியது பாரதிய ஜனதா தலைமையில் வந்தது. ஆட்சிகள் மாறின; பூட்டு மட்டும் மாறாமல் வலுத்துக் கொண்டே வந்தது.

இது ஏன் நிகழ்கின்றது? பிளவுபட்ட நாட்டில் ஒவ்வொரு தரப்பும் மற்றத் தரப்பை அடக்குவதற்காகவே அரசுக்கு அதிகாரத்தை வழங்குகின்றது. தன் எதிரியின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டே ஒவ்வொரு சட்டத்திற்கும் கை தூக்குகின்றது. ஆனால் சட்டத்திற்கு முகம் தெரியாது. சாவி யார் கையில் இருக்கின்றதோ அவர் சொன்னவரை அது அடைத்து வைக்கும். பொடாவைக் கொண்டுவந்த மத்தியக் கூட்டணியில் ம.தி.மு.க.வும் அங்கம் வகித்தது. அச்சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், 2002 ஜூலையில், அக்கட்சியின் பொதுச் செயலாளர் வைகோ ஒரு பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக அதே சட்டத்தின் கீழ்க் கைதாகிப் பத்தொன்பது மாதங்கள் சிறையில் இருந்தார். சாவி டில்லியில் செய்யப்பட்டது. அதனைத் திருப்பிய கை சென்னையில் இருந்தது. இதனை யாரையும் எள்ளுவதற்காக நாம் கூறவில்லை. இந்த நிலை எவருக்கும் வரலாம் என்பதற்காகவே கூறுகின்றோம்.

இஸ்லாமிய வரலாறும் இந்தப் படிப்பினைக்கு விலக்கன்று. கி.பி. 833இல் கலீபா மாமூன், திருமறை படைக்கப்பட்டது என்னும் முஃதஸிலாக்களின் கொள்கையை ஏற்கும்படி காஜிகளையும் அறிஞர்களையும் ஆணையிட்டு விசாரிக்கத் தொடங்கினார். முஃதஸிலாக்கள் அறிவையும் மனிதனின் சுயேச்சையையும் பெரிதும் போற்றியவர்கள். சுயேச்சையைப் போற்றியவர்களே அதிகாரம் கைக்கு வந்ததும் பிறருடைய மனச்சாட்சிக்கு விலங்கிட்டனர். பணிய மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்கள், அடுத்த கலீபா முஃதஸிமின் காலத்தில் கசையடி பெற்றார்கள். பின்னர் முதவக்கில் ஆட்சிக்கு வந்ததும் காற்றுத் திசை மாறிற்று. நேற்று விசாரித்தவர்கள் இன்று பதவியிழந்தனர். அப்போது வஞ்சம் தீர்க்கும் வாய்ப்பு இமாமவர்களைத் தேடி வந்தது. அவர்களோ தம்மை அடித்த கலீபாவை மன்னித்துவிட்டதாகக் கூறி, அரண்மனையின் பரிசுகளையும் விரும்பாது ஒதுங்கியே வாழ்ந்தார்கள் என்று வரலாறு கூறும். கசையைத் தாங்கியது வீரம். கசை தம் பக்கம் திரும்பி வந்தபோது அதனைத் தொட மறுத்தது அதனினும் பெரிய வீரம்.

இனி, எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை மதித்து விடை கூறுதல் கடமை. நாட்டில் குண்டு வைப்போரும் கலவரம் மூட்டுவோரும் இல்லையா? அவர்களுக்கும் உரிமை பேசிக் கொண்டிருந்தால் அப்பாவி மக்களின் உயிருக்கு யார் காவல்? அரசு கைகட்டி நிற்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மீண்டும் கூஃபாவுக்குச் செல்வோம். காரிஜிய்யாக்கள் முழங்கிய வரையில் அலி (ரலி) அவர்கள் சொல்லுக்குச் சொல்லே விடையாகத் தந்தார்கள். ஆனால் அக்கூட்டத்தார் அப்துல்லாஹ் இப்னு கப்பாப் என்பவரையும் அவருடைய கர்ப்பிணி மனைவியையும் கொன்றபோது நிலைமை மாறியது. கொலை செய்தவர்களை ஒப்படைக்கும்படி கலீபா கேட்டார்கள். கொலையாளிகளைத்தான் கேட்டார்களே தவிர, அந்தக் கொள்கையுடையோர் அனைவரையும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாருமே கொலையாளிகள்தாம் என்று அவர்கள் மறுத்த பின்னரும், விலகிச் செல்வோருக்கு அபயம் என்று அறிவிக்கப்பட்டது. பலர் விலகினர். எஞ்சி நின்று போரிட்டவர்களோடுதான் ஹிஜ்ரி 38இல் நஹ்ரவான் போர் நிகழ்ந்தது. சொல்லுக்கும் வாளுக்கும் இடையில் ஒரு கோடு உண்டு. குற்றவாளிக்கும் அவனுடைய கூட்டத்தாருக்கும் இடையிலும் ஒரு கோடு உண்டு. அரசின் கை வலுவாக இருக்கட்டும். ஆனால் அது இந்த இரு கோடுகளையும் அறிந்த கையாக இருக்கட்டும்.

குற்றம் செய்தவனைக் கைது செய்க. குற்றத்தை அவனிடம் கூறுக. சான்றுகளைத் திறந்த மன்றத்தில் வைக்க. அவன் மறுமொழி கூறட்டும். அரசுக்கு அஞ்சாத நீதிபதி காலத்தோடு தீர்ப்பளிக்கட்டும். இதில் நாட்டின் பாதுகாப்புக்கு எங்கே குறை? அலி (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒருவனுடைய வாதத்தைக் கேட்டதுபோல் மற்றவனுடைய வாதத்தையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். தடுப்புக் காவல் என்பது மற்றவனைக் கேட்காமலே தீர்ப்பளிப்பதாகும். விசாரணையே இன்றி ஆண்டுக்கணக்கில் ஜாமீன் மறுப்பதும் பெயரளவில்தான் அதிலிருந்து வேறுபட்டது. நிரபராதி என்று இறுதியில் விடுதலையாகிறவன், தண்டனையை முன்னதாகவே அனுபவித்து விடுகின்றான்.

நம் சமுதாயத்து இளைஞர்கள் இத்தகைய சட்டங்களால் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். அதற்காக நாம் குரல் கொடுக்கின்றோம், கொடுக்கவும் வேண்டும். ஆயினும் ஒரு சோதனையை நமக்கு நாமே வைத்துப் பார்ப்போம். நம் மார்க்கத்தையும் நம் மக்களையும் நாள்தோறும் ஏசி வந்த ஒருவன், விசாரணையின்றி ஓராண்டாகச் சிறையில் வாடுகின்றான் என்று வைத்துக் கொள்வோம். அவனை விசாரி அல்லது விடுதலை செய் என்று கோரும் ஒரு விண்ணப்பம் நம் முன் நீட்டப்படுகின்றது. நாம் கையொப்பமிடுவோமா? நன்றாகப் பட்டான் என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழுமானால், அந்தக் குரலைத்தான் அல்மாயிதாவின் வசனம் எச்சரிக்கின்றது. அவன் பேச்சு கலவரத்தைத் தூண்டிய குற்றமாயின் நீதிமன்றத்தில் நிறுத்துக என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் விசாரணையின்றியே கிடக்கட்டும் என்று நாம் வாளாவிருந்தால், நாளை நம் மகனை அழைத்துச் செல்ல வருபவனுக்கு இன்றே வழிகாட்டியவர்கள் ஆவோம்.

அப்படி வருவானென்ற அச்சத்தினால் மட்டும் நாம் மாற்றானுக்காகப் பேசுவதும் போதாது. அது வணிகன் போடும் கணக்கு. இன்று நான் உனக்குக் கொடுக்கிறேன், நாளை நீ எனக்குக் கொடு என்பது. அவன் நமக்காக ஒருபோதும் பேசமாட்டான் என்று உறுதியாகத் தெரிந்த போதும் நாம் பேச வேண்டும். ஏனெனில், நீதி நாம் அவனுக்குச் செய்யும் உதவியன்று. இறைவன் முன்னிலையில் நாம் நிறுத்தப்படும்போது நம்மிடம் கேட்கப்படவிருக்கும் கடன்.

ஹிஜ்ரி 40ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் அதே கூஃபாப் பள்ளிவாசலில் இப்னு முல்ஜம் என்னும் காரிஜிய்யா நஞ்சு தோய்ந்த வாளால் அலி (ரலி) அவர்களை வெட்டினான். யாரைப் பள்ளிவாசலுக்கு வரவிடாமல் தடுக்கமாட்டோம் என்று அவர்கள் கூறினார்களோ, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அவன். அந்த உரிமைகளை வழங்கியது தவறு என்று கூற அதனினும் ஏற்ற வேளை வேறில்லை. மரணப் படுக்கையிலிருந்த கலீபா அப்படிக் கூறவில்லை. கைதிக்கு நல்லுணவு கொடுங்கள். நான் பிழைத்தால் முடிவு என்னுடையது. நான் இறந்தால் ஓர் அடிக்கு ஓர் அடியே. அவன் உடலைச் சிதைக்க வேண்டாம். அவனுக்காக வேறு எவரையும் கொல்ல வேண்டாம். இக்கருத்தமைந்த கட்டளைகளையே அவர்கள் தம் மக்களுக்கு விட்டுச் சென்றார்கள்.

பேராற்றல் கையிலிருந்தும், நெஞ்சில் காயம் இருந்தும், அளவு மீறாத அந்த நீதியைத்தான் நாம் நம் அரசிடம் கேட்கின்றோம். அதனை முதலில் நம் உள்ளத்தில் கண்டால்தான், நம் கோரிக்கைக்கு அந்தத் தகுதி வாய்க்கும்.